மாப்பிள்ளை காருக்கு வாழையிலைக் கட்டு

சின்னமனூர்,
12-5-1979

மகா-ரா-ரா-ஸ்ரீ மாப்பிள்ளை வைகுண்டராஜ் அவர்கள் சமூகத்துக்கு, மாமனார் சங்கரலிங்கம் அனேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொண்டது.

இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். சொர்ணலதா சௌக்கியம். குழந்தைக்குக் கீழ்வரிசையில் பல் வந்திருக்கிறது, கையில் கிடைத்ததையெல்லாம் கடித்துப் பார்க்கிறது. வாழைக்காய் மண்டியும் சௌக்கியம். இதையெல்லாம் தாண்டி, கார் எப்படி இருக்கிறது என்ற வரியைத்தான் உங்கள் கண் தேடும் என்று எனக்குத் தெரியும். அதனால் அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கார் ஓடுகிறது. மிச்சத்தைப் படிக்கும் முன் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு உட்காருங்கள்.

கல்யாணப் பந்தலில் நான் தருவதாக வாய்விட்ட கார் இது. பதிந்துவிட்டுக் காத்துக் காத்து, கல்யாணமே பழசாகி, சொர்ணலதா தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்து, குழந்தை பிறந்து, அது தவழவும் ஆரம்பித்துவிட்டது. "கார் வரட்டும், அதிலேயே வந்து இருவரையும் அழைத்துக்கொள்கிறேன்" என்று மெட்ராஸிலிருந்து எழுதினீர்கள். மாப்பிள்ளை முறுக்கு என்று ஒன்று உண்டல்லவா, நாங்களும் பொறுத்திருந்தோம். போன வாரம் மதுரைக் கம்பெனியிலிருந்து கார் தயார் என்று தந்தி வந்தது. உங்களுக்குச் சேதி சொன்னதும் நான்கு பக்கத்துக்குப் பதில் எழுதினீர்கள். எங்கள் குடும்பத்துக்கு நீங்கள் எழுதியதிலேயே நீளமான கடிதம் அதுதான்.

ஏதோ இங்கிலீஷ் பத்திரிகையில் படித்தீர்களாம். புதுக் காரைக் கம்பெனிக்காரன் துடைத்துத் தருவான், அவன் துணியில் மண் இருக்கும், அந்த மண் பெயின்ட்டை மயிரிழை மயிரிழையாகக் கீறிவிடும், நிழலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, வெயிலில் நிறுத்திப் பார்த்தால்தான் வண்டவாளம் தெரியும். ஆகையால் துடைக்க விடாதீர்கள், கழுவ விடாதீர்கள், பாலிஷ் போட விடாதீர்கள், தூசியோடு அப்படியே வாங்கி, வழியிலும் எதுவும் உரசாமல் கொண்டுபோய்ச் சேருங்கள் என்று எழுதியிருந்தீர்கள். கடைசி வரி மட்டும் என்னைத் தூங்கவிடவில்லை. "ஒரு கீறல் விழுந்தாலும் கார், சொர்ணலதா, குழந்தை மூன்றும் அங்கேயே இருக்கட்டும்."

குழந்தை என்ற சொல் உங்கள் கடிதத்தில் இன்னொரு இடத்திலும் வருகிறது. "காரில் குழந்தையை ஏற்ற வேண்டாம், சீட்டு அழுக்காகும்." பெயர் சூட்டிய மறுநாள் உங்களுக்குக் கார்டு போட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? என்ன பெயர் என்பதை மட்டும் சொர்ணலதா எழுதவிடவில்லை. "அவுக கேட்டு எழுதட்டும்ப்பா" என்றாள். தபால்காரரைக் கண்டால் இன்றைக்கும் வாசலுக்கு வந்து நிற்கிறாள். அது கிடக்கட்டும், நான் கார் விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று வெள்ளிக்கிழமை, நானும் உங்கள் அத்தையும் சுருளியாண்டியும் முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போனோம். சுருளியாண்டி என் மண்டி லாரியின் டிரைவர். குமுளி மலையில் கண்ணை மூடிக்கொண்டு லாரி ஓட்டுவான் என்று ஊரில் சொல்வார்கள், சில சமயம் நிஜமாகவே மூடிக்கொண்டுதான் ஓட்டுவான். கம்பெனி வாசலில் கார் நின்றது. வெள்ளை வெளேர் என்ற பியட் கார், மேலே நல்ல கனமான தூசி. அந்தத் தூசியைப் பார்த்ததும் எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அந்த நேரம் பார்த்து ஓர் ஆள் வாளியும் துணியுமாக வந்தான். நான் பாய்ந்துபோய் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஐயா, தொடைச்சுத்தான் குடுக்கணும், அதான் எங்க வழக்கம்" என்றான்.

"தொடைக்காத வண்டிதான் எங்க மாப்பிள்ளைக்கு வேணும். அதுமேல இருக்க தூசி அம்புட்டும் எங்களுக்குச் சேர்ந்தது" என்றேன்.

மேனேஜர் ஓடிவந்தார். துடைப்பதற்குத் தனியாகக் கட்டணம் கிடையாது என்று விளக்கினார். கட்டணம் நீங்கள் கொடுத்தாலும் துடைக்கவிட மாட்டேன் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார், பிறகு உங்கள் அத்தையைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டுல பெரியவங்க வேற யாரும் கூட வரலையாம்மா?" என்று கேட்டார்.

அவரைச் சமாளித்துத் திரும்பினால், உங்கள் அத்தை அன்னத்தாய் சந்தனக் கிண்ணத்தோடு பானட்டை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறாள். சந்தனம் காய்ந்தால் பெயின்ட்டைப் பிடித்துக்கொள்ளும் என்று நீங்கள் எழுதாவிட்டாலும் எனக்கே தோன்றியது. வேண்டாம் என்றேன். "பொட்டு வைக்காம மொட்டையா நிக்கிற வண்டியில நான் ஏற மாட்டேன், நீங்களும் ஒங்க மாப்பிள்ளையும் ஏறிப் போங்க" என்று அன்னத்தாய் படியில் உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தோம். காருக்கு வைக்க வேண்டிய சந்தனம் குங்குமத்தைச் சுருளியாண்டியின் நெற்றியில் வைத்தோம், மாலையையும் அவன் கழுத்திலேயே போட்டோம். எலுமிச்சம்பழம் மட்டும் சக்கரத்துக்கு, டயருக்கு ஏது பெயின்ட்? மேனேஜர் சுருளியாண்டிக்குத்தான் ஏதோ விசேஷம் என்று நினைத்துக் கைகுலுக்கி வாழ்த்துச் சொன்னார். அவனும் "எல்லாம் ஒங்க ஆசீர்வாதம்" என்றான்.

இனி வழி. மதுரையிலிருந்து சின்னமனூர் வரைக்கும் தார் ரோட்டை நம்பிப் பெயின்ட்டை அனுப்ப முடியுமா? முன்னால் போகிற லாரி கல்லை எற்றும், மாட்டு வண்டிக்காரன் சாட்டையை வீசுவான். இங்கேதான் என் தொழில் புத்தி கைகொடுத்தது. நேந்திரன் வாழைத்தாரை மலையேற்றிக் கோட்டயத்துக்கு அனுப்புகிறவன் நான். அங்கே காயில் ஒரு நகம் பட்டிருந்தாலும் "இது வேண்டா" என்று தள்ளிவிடுவார்கள். அதனால் தார்க்காம்பில் மட்டும் கத்தி நுனியால் "ச" என்று என் எழுத்தைக் கீறிவிட்டு, காயெல்லாம் மறைய வாழைச்சருகு சுற்றி அனுப்புவேன். அந்த எழுத்து விழுந்துவிட்டால் குமுளி தாண்டினாலும் அது சங்கரலிங்கம் சரக்கு, அடுத்தவன் உரிமை கொண்டாட முடியாது. தாரைக் கீறாமல் அனுப்பத் தெரிந்தவனுக்குக் காரைக் கொண்டுவரத் தெரியாதா? ஆனால் சருகு காய்ந்தது, உரசும். ஆகவே பச்சைத் தலைவாழை இலையாக, மட்டையோடு கட்டுக்கட்டாக அறுத்துப் பஸ் மேலே போட்டுக் கொண்டுபோயிருந்தேன்.

கம்பெனி வாசலிலேயே வேலையை ஆரம்பித்தோம். இலையின் பளபளப்பான பக்கம் பெயின்ட்டைப் பார்த்தபடி வைத்து, அதன்மேல் மட்டையை அடுக்கி, நனைத்த வாழைநாரால் காரைச் சுற்றிச் சுற்றிக் கட்டினோம். பார்க்கப் பார்க்க எனக்கே பெருமை தாங்கவில்லை. கண்ணாடியையும் டிரைவர் பக்கக் கதவையும் மட்டும் விட்டோம். "எனக்கு எறங்கி ஏற வழி வேணும் மொதலாளி, நான் என்ன தாரா, உள்ள வச்சுக் கட்டுறதுக்கு?" என்று சுருளியாண்டி பிடிவாதம் பிடித்ததால் அந்தக் கதவுக்கு ஓர் இலைகூட வைக்க முடியவில்லை. நாங்களும் அதன் வழியாகத்தான் உள்ளே நுழைந்தோம். மேனேஜர் இதையெல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தாரே தவிர வெளியே வரவில்லை.

உசிலம்பட்டி வரை ஒரு குறையும் இல்லை. வெக்கை தாங்காமல் சுருளியாண்டி கழுத்து மாலையைக் கழற்றிக் காரின் கூரைமேல் போட்டான். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. பச்சை மட்டை கட்டிய வண்டி, மேலே ரோஜா மாலை, உள்ளே நெற்றி நிறையப் பூச்சோடு ஒருத்தன், பின்னால் புழுக்கத்தில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓர் அம்மாள். பஜாரில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து தோள்துண்டை எடுத்தார்கள். டீக்கடைக்காரர் ரேடியோவை நிறுத்தினார். ஒரு பெரியவர் ஜன்னலருகே வந்து, "யாரும்மா, வயசானவுகளா?" என்று கேட்டார். உங்கள் அத்தை, காரைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்து, "இல்லங்க, புதுசுதான். எங்க மாப்பிள்ளையோடது" என்றாள். "அடப் பாவமே, மாப்பிள்ளையா!" என்று அவர் வாயைப் பொத்திக்கொண்டார். உசிலம்பட்டியைப் பொறுத்தவரை உங்கள் காரியம் முடிந்துவிட்டது. நீங்கள் நூறு வயது இருப்பீர்கள், திருஷ்டி கழிந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டிபட்டிப் பக்கம் ரயில்வே கேட் அடைத்திருந்தது, ரயில் வருகிற வழியைக் காணோம். ரோட்டோரம் ஓர் ஆட்டுக் கிடை மேய்ந்துகொண்டிருந்தது. சித்திரை வெயிலில் அந்த ஆடுகள் பச்சை என்று ஒன்றைப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்றோ, நம் காரைப் பார்த்ததும் மொத்தக் கிடையும் தலையை நிமிர்த்தியது. மாப்பிள்ளை, நான் மேலே எழுதத் தயங்குகிறேன். இரண்டு பக்கமும் இலையை உருவின. ஒரு கிடாய் பானட்டில் முன்னங்காலை வைத்தது, பிறகு பின்னங்காலையும் வைத்தது, அங்கிருந்து கூரைக்கு ஏறி மாலையைத் தின்றது. அன்னத்தாய் குடையை எடுத்தாள். நான் குறுக்கே விழுந்து தடுத்தேன், குடைக்கம்பி பெயின்ட்டில் பட்டால்? ஆட்டுக்காரர் ராக்கப்பன் என்பவர் கம்போடு நிதானமாக வந்தார்.

"ஏலே, ஆட்டை எறக்கு! கம்பை நீட்டாத, பெயின்ட்டு!" என்று கத்தினேன்.

"கம்பை நீட்டாம வெத்தல பாக்கு வச்சா கூப்பிடச் சொல்றீக? ரோட்டுல எலையக் கட்டி நிறுத்துனா ஆடு திங்காம, நீங்களா திங்கப் போறீக?" என்றார்.

அவர் கிடாயின் பின்னங்காலைப் பிடித்து இழுத்தார். அது குளம்பை ஊன்றிக்கொண்டு கூரையிலிருந்து பானட் வரைக்கும் வழுக்கிக்கொண்டே வந்தது. அந்தச் சத்தத்தை எழுத்தில் எழுத எனக்குத் தெரியவில்லை. சிலேட்டில் ஆணியைப் போட்டு இழுத்துப் பாருங்கள், புரியும்.

தேனியில் எங்கும் நிற்காமல் வந்தோம். ஆனால் வீரபாண்டியில் இது திருவிழா நேரம் என்பதை என் பதற்றத்தில் மறந்தே போனேன். ரோடு முழுக்க அக்கினிச் சட்டியும் மஞ்சள் தண்ணீரும் கொட்டுச் சத்தமும்தான். ஆடு தின்றது போக மிச்சமிருந்த வாழை மட்டை இரண்டு பக்கமும் வளைவாகத் தொங்க, பார்ப்பதற்குக் கார் சப்பரம் மாதிரியே இருந்திருக்கிறது. "எந்த ஊரு?" என்று ஒருவர் கேட்டார். சுருளியாண்டி உள்ளதைச் சொன்னான், "சின்னமனூரு." அவ்வளவுதான். "சின்னமனூர்ச் சப்பரம் வந்திருக்கு, வழி விடுங்க!" என்று குரல் எழும்பியது. முதல் தேங்காய் பம்பரில் உடைந்தது. இரண்டாவது தேங்காய் விட்டவருக்குக் கண் கொஞ்சம் மந்தம் போலும், அது மட்கார்டில் உடைந்தது. தேங்காய் உடைந்ததா மட்கார்டு உடைந்ததா என்றால் இரண்டும்தான். மஞ்சள் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினார்கள். உப்பும் மிளகும் வந்து விழுந்தன. நான் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "ஐயா, இது சாமி இல்ல, பியட்டு!" என்று கத்தினேன். கொட்டுச் சத்தத்தில் யார் காதில் விழும்? உங்கள் அத்தை எனக்குத் துணையாக இருப்பாள் என்று திரும்பினால், அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தக் கூட்டத்தில் ஓர் அம்மாளுக்கு அருள் வந்து, குலவை போட்டுக்கொண்டே பானட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். கண்டாங்கிச் சேலை, இடுப்பில் பெரிய சாவிக்கொத்து. அந்தச் சாவிக்கொத்து எங்கே உரசிற்று என்பதை நீங்கள் நேரில் பார்த்துக்கொள்ளலாம். "ஆத்தா, என்ன வேணும் ஒனக்கு?" என்று கூட்டம் கேட்டது. "இந்த வண்டி போற ஊரு வரைக்கும் நான் வரணும்டா!" என்று ஆத்தா ஆடினார். போலீஸ்காரரே முன்னால் நடந்து வழி விலக்கினார். சின்னமனூர் எல்லை வந்ததும் அருள் இறங்கி, கொண்டையைச் சரிசெய்துகொண்டு, தன் பெயர் ஜக்கம்மா, மகளைக் கட்டிக்கொடுத்திருப்பது இந்த ஊர்தான் என்றார். "திருநா நேரத்துல பஸ்ஸுல கால் வைக்க முடியுதா? பேரனைப் பாக்கணும்னு இருந்துச்சு, வண்டிய விட்டா வேற வழியில்ல" என்று எனக்குக் கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டினார். பேரப்பிள்ளையைப் பார்க்கச் சாமியாகவே மாறி வந்திருக்கிற அம்மாளை நான் என்னவென்று திட்டுவது?

வீட்டு வாசலில் நிறுத்திக் கட்டை அவிழ்த்தோம். ஆட்டுக் குளம்பும் தேங்காயும் சாவியும் செய்ததுகூடப் பரவாயில்லை. மட்டை இருந்த இடமெல்லாம் வாழைக்கறை. மாப்பிள்ளை, எனக்கு வெள்ளை வேட்டி என்று ஒன்றுகூடக் கிடையாது, எல்லாவற்றிலும் கறை. துணி கிழிந்தாலும் வாழைக்கறை போகாது என்று இந்த ஊரில் பால் மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியும். முப்பது வருஷமாக அந்தக் கறையிலேயே பிழைக்கிற எனக்கு, அது காரிலும் பிடிக்கும் என்று தோன்றாமல் போய்விட்டது. உங்கள் பானட்டில் இப்போது ஒரு தலைவாழை இலை, நடு நரம்பும் கிளை நரம்புமாக அச்சு அசலாக விழுந்திருக்கிறது. சோறு போட்டால் சாப்பிட்டுவிடலாம். மண்ணெண்ணெய் போட்டேன், மோர் போட்டேன். அன்னத்தாய் குத்துவிளக்கு துலக்குகிற மாதிரி புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்ததில், கறை அப்படியே இருக்கிறது, அதைச் சுற்றி இருந்த பெயின்ட்டுதான் மங்கிவிட்டது.

இதில் அதிசயம் ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் எதுவும் கட்டாமல் விட்ட அந்த டிரைவர் பக்கக் கதவு இருக்கிறதே, அதில் ஈ உட்கார்ந்த தடம்கூட இல்லை. வெயிலில் நிறுத்தி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குனிந்து பார்த்துவிட்டேன், கண்ணாடி மாதிரி இருக்கிறது. உங்கள் மாமனார் கைபட்ட இடமெல்லாம் நாசம், கைபடாத இடம் பத்திரம். இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

ஆகவே உங்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான். கோபப்படாதீர்கள். தேனியில் நல்ல பெயின்ட்டர் இருக்கிறார், ஒரே மாதத்தில் பழையபடி ஆக்கித் தருவதாகச் சொல்கிறார். அதுவரை அந்த ஒரு கதவை மனதில் வைத்து, முழுக் காரும் அப்படித்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வாருங்கள். வந்து சொர்ணலதாவையும் குழந்தையையும் அழைத்துப் போங்கள். இரும்புக்கு விழுந்த கீறலுக்காகப் பெண்ணையும் பிள்ளையையும் இங்கேயே விட்டுவிடாதீர்கள். நான் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். அந்தக் கதவுக்கு நான் பொறுப்பு, இனி அதன் பக்கத்தில் ஒரு காக்காயைக்கூட அண்டவிட மாட்டேன்.

உங்கள் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் எங்கள் நமஸ்காரம். தீர்க்காயுசும் நிறைந்த செல்வமும் பெற்று, எங்கள் சுருளித் தீர்த்தம் போல வற்றாமல் வாழ வேண்டும் என்று மனதார வாழ்த்தும்,

மாமனார்
சங்கரலிங்கம்

பின்குறிப்பு: டிரைவர் பக்கக் கதவைப் பற்றி மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். பெயின்ட்டர், கும்பிடு, எல்லாவற்றையும் சேர்த்தே அடித்துவிடவும்.

கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் பசை எடுக்க உள்ளே போனேன். அதற்குள் சொர்ணலதா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முழுவதையும் படித்திருக்கிறாள். என்னைப் பார்த்து, "அப்பா, அந்தக் கதவுல நெசமாவே ஒரு கீறலும் இல்லையா?" என்று கேட்டாள். "ஒண்ணுமே இல்லம்மா" என்றேன். குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவிக்கொண்டு வாசலுக்குப் போனாள். ஏதோ துரும்பு எடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள். ஊசி வளைந்திருந்தது.

"தாரு கீறுற கத்திய எங்கப்பா வச்சிருக்கீக?" என்றாள்.

"எதுக்கும்மா?" என்றேன்.

"யாரு சரக்குன்னு தெரிய வேணாமா?" என்றாள்.

மாப்பிள்ளை, ஒரு தகப்பனாக நான் தடுத்திருக்க வேண்டும். குழந்தை அந்த நேரம் பார்த்து என் கட்டைவிரலைக் கடித்துக்கொண்டு சிரித்தது. நான் கத்தியை எடுத்து, கல்லில் இரண்டு இழுப்பு இழுத்துத் தீட்டியே கொடுத்தேன்.

குழந்தையின் பெயரை முழுசாக, கதவு நிறைய எழுதியிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் அல்லவா, ஓர் எழுத்துக்கூடக் கோணவில்லை. உங்களோடு வருவதா வேண்டாமா என்பதை, நீங்கள் வந்து அதை வாசித்த பிறகு அவள் முடிவு செய்வாளாம். என்ன பெயர் என்பதை இந்தக் கடிதத்தில் நான் எழுதப் போவதில்லை. பஸ் ஏறி வந்து பார்த்துக்கொள்ளுங்கள். பகலில் வாருங்கள். நிழலில் தெரியாது, வெயிலில் நிறுத்திப் பார்த்தால்தான் கீறல் தெரியும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.